வான்கோழி எந்த ஊர்க் கோழி?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு செய்தி சுற்றி வரும். ‘அனகோண்டா’ சுத்தமான தமிழ்ச் சொல்லாம். ‘ஆனைக்கொன்றான்’தான் வெள்ளைக்காரன் வாயில் அனகோண்டா ஆனதாம். கீழே நாலைந்து பேர் கை தட்டுவார்கள். ஒருவர் மட்டும், “அது பிரேசில் காட்டுப் பாம்பாச்சே, அங்கே தமிழ் எப்படிப் போச்சு?” என்று கேட்பார். அவருக்குப் பதில் வராது. அடுத்து வருவது காலை வணக்கம்.

கை தட்டியவர்களும் சரி, கேள்வி கேட்டவரும் சரி, ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு விலங்கும் அதன் பெயரும் சேர்ந்தேதான் பயணம் போகும் என்று இரண்டு பக்கமும் நினைக்கிறது. அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் விலங்கு ஒரு கப்பலிலும் பெயர் இன்னொரு கப்பலிலும் போன கதைகள் ஏராளம். சில சமயம் விலங்கு ஊரிலேயே இருக்கும். பெயர் மட்டும் கிளம்பிப் போய், போன இடத்தில் வேறொரு பிராணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கறிக்கடைக்குப் போய் வந்த அனுபவம் போதும்.

## கறிக்கடைப் பாடம்

ஒரு காலத்தில் கோழி என்றால் முற்றத்தில் மேய்ந்த கோழிதான். பிறகு பண்ணையில் வளர்த்த வெள்ளைக்கோழி வந்தது. வந்த புதிதில் அதற்குத்தான் அடைமொழி: பிராய்லர் கோழி. இன்றைக்குக் கடையில் ‘ஒரு கிலோ கோழி’ என்றால் மறுபேச்சில்லாமல் பிராய்லரை வெட்டித் தருகிறார்கள். பழையது வேண்டுமென்றால் ‘நாட்டுக்கோழி’ என்று நாம்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். பின்னால் வந்தது பெயரைப் பிடித்துக்கொண்டது. பெயருக்குச் சொந்தக்காரரோ அடைமொழி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறார்.

எண்ணெய்க்கும் இதே கதைதான். எள் + நெய் = எண்ணெய். கணக்குப்படி எள்ளிலிருந்து எடுத்தது மட்டுமே எண்ணெய். ஆனால் நாம் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்கிறோம். பூமியிலிருந்து எடுத்ததைக்கூட மண்ணெண்ணெய் என்கிறோம். அசல் எண்ணெய்க்கு ‘நல்’ என்று ஒரு முன்னொட்டு தேவைப்பட்டு, அது நல்லெண்ணெய் ஆகிவிட்டது.

மூன்றாவது, மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுக்கீசியர் வழியாக நம் சமையலறைக்கு வந்தபோது, காரம் என்றால் நமக்குத் தெரிந்தது மிளகு. ஆகவே மிளகு போலக் காரமான காய், மிளகாய். செடி கடல் கடந்து வந்தது; பெயரை நாம் வீட்டிலேயே இருந்த துணியில் வெட்டித் தைத்தோம். பறங்கியர் கொண்டுவந்த காய்க்குப் பறங்கிக்காய் என்று பெயர் வைத்ததும் அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் கையில் இருந்து நாம் வாங்கினோம் என்பதுதான் பெயரில் தங்குகிறது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வான்கோழிக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டு கலைச்சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் போல ஒரு சொல் தன் பழைய எல்லையைத் தாண்டிப் பல பொருள்களுக்கும் பரவினால் அது பொருள் விரிவு. ஒரு பொருளின் பெயர் அதைப் போன்ற வேறொன்றுக்கு இடம் மாறினால் அது பொருள் பெயர்ச்சி. கீழே வரும் கதைகளில் பாதி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

## உலகமே வேறு ஊரைக் கைகாட்டிய பறவை

வான்கோழியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பகுதி மக்கள் அதைப் பழக்கி வீட்டில் வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, மெக்சிகோ என்ற சொல்லின் சாயலில் ஏதாவது ஒரு பெயர் அதற்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். என்ன நடந்தது பாருங்கள்.

ஆங்கிலேயர் அதை ‘டர்க்கி’ என்றார்கள், அதாவது துருக்கி. துருக்கியில் அதன் பெயர் ‘ஹிந்தி’, இந்தியாவைச் சேர்ந்தது என்ற பொருளில். பிரெஞ்சில் ‘தேந்த்’, ‘இந்தியாவின்’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. போலந்தில் ‘இண்டிக்’, ரஷ்யாவில் ‘இந்தேய்க்கா’. போர்ச்சுக்கீசியருக்கு அது ‘பெரு’, தென் அமெரிக்காவின் பெரு நாடு. மலாய் மொழியில் ‘ஆயாம் பெலாண்டா’, டச்சுக் கோழி. எகிப்தில் ‘ரூமிச் சேவல்’. ரூம் என்றால் ரோம சாம்ராஜ்ஜியத்து பூமி.

ஆளாளுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டுகிறார்கள். பறவையின் உண்மையான ஊரை யாருமே சொல்லவில்லை.

கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும் உள்ளே காரணம் இருக்கிறது. முதலில் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொள்வோம். வான்கோழி வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறொரு கோழி இருந்தது: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த கின்னிக்கோழி. துருக்கியர் ஆட்சிப் பகுதிகள் வழியாக அது இங்கிலாந்துக்குப் போனதால் அதற்குத் ‘துருக்கிச் சேவல்’ என்று பெயர். பிறகு அமெரிக்கக் கோழி வந்து இறங்கியது. இரண்டுமே வெளிநாட்டுப் பெரிய கோழி, இரண்டுக்குமே மொட்டைத் தலை. வாங்குகிறவருக்கு வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. பெயர் புதியதன் மேல் தாவியது. பழையது ‘கினி’ என்ற ஆப்பிரிக்கக் கரையின் அடைமொழியோடு ஒதுங்கியது. பிராய்லரும் நாட்டுக்கோழியும் தான், வேறொன்றும் இல்லை.

இந்தியாவைக் கைகாட்டிய பெயர்களுக்குக் காரணம் கொலம்பஸ் காலத்துக் குழப்பம். அமெரிக்கத் தீவுகளையே ‘இந்தியாக்கள்’ என்று அழைத்த காலம் அது. அங்கிருந்து வந்த கோழி இந்தியக் கோழி ஆனதில் வியப்பில்லை.

விஞ்ஞானிகளாவது தப்பித்தார்களா என்றால், இல்லை. உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் வான்கோழிக்குக் கொடுத்த விலங்கியல் பெயர் ‘மெலியாக்ரிஸ் கல்லோபாவோ’. மெலியாக்ரிஸ் என்பது கின்னிக்கோழிக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர். கல்லோபாவோ என்றால் சேவலும் மயிலும் சேர்ந்தது. ஒரு பறவைக்கு மூன்று பறவைகளின் பெயர்.

ஸ்பானிய மொழியில் நடந்தது இன்னும் வேடிக்கை. லத்தீனில் ‘பாவோ’ என்றால் மயில். தோகையை விரித்து ஆடும் அமெரிக்கக் கோழியைப் பார்த்ததும் அதுவே ‘பாவோ’ ஆகிவிட்டது. இன்று ஸ்பெயினில் பாவோ என்றால் வான்கோழி. மயிலைக் குறிப்பிட ‘பாவோ ரெயால்’, ‘ராஜ பாவோ’ என்று சொல்ல வேண்டும். பட்டம் கொடுத்தாலும் பறிபோனது பறிபோனதுதான்.

## கோழிக்கோடு வழியாக ஒரு சுற்று

இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது டச்சுப் பெயர்: ‘கல்கூன்’. கள்ளிக்கோட்டை, அதாவது இன்றைய கோழிக்கோடு, ஐரோப்பியர் வாயில் ‘காலிகட்’ ஆனது தெரிந்ததுதான். 1498இல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்ததிலிருந்து, தொலைதூரத்து விலையுயர்ந்த சரக்கு என்றால் அவர்கள் நினைவுக்கு வரும் துறைமுகங்களில் அது முக்கியமானது. அந்தப் பெயரில் ‘காலிகட் கோழி’ என்று அழைக்கப்பட்டதுதான் சுருங்கிக் கல்கூன் ஆனது. கோழிக்கோட்டுக்கும் அந்தப் பறவைக்கும் சம்பந்தமே இல்லை. (ஊர்ப் பெயரிலேயே கோழி இருப்பது நம் காதுக்கு மட்டும் கிடைக்கும் இலவச இணைப்பு.)

டச்சுக்காரர்கள் அந்தப் பெயரோடு சும்மா இருக்கவில்லை. இந்தோனேசியாவை ஆண்டார்கள், அங்கே வான்கோழி ‘கல்குன்’. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரப் பகுதிகள் அவர்கள் வசம் இருந்தன. சிங்களத்தில் வான்கோழி ‘களுக்கும்’. மலபார்க் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு ஊர்ப் பெயர் ஹாலந்துக்குப் போய், ஒரு மெக்சிகோ பறவையின் மேல் ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்து இலங்கையில் இறங்கியிருக்கிறது. ஊர் மாறி வந்த பிள்ளையைப் பக்கத்து ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியவில்லை.

இப்படி ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து ஒலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் சொல்லுக்குக் கடன்சொல் என்று பெயர். கடன் என்றாலும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புதிய விலங்கைப் பார்க்கிறவர் தனக்குத் தெரிந்த விலங்கின் பெயரையோ, அதை விற்றவரின் ஊர்ப் பெயரையோ அதற்கு வைக்கிறார். இரண்டிலும் விலங்கின் பிறந்த ஊர் காணாமல் போய்விடுகிறது.

## தெலுங்குப் பெருச்சாளி ஆஸ்திரேலியா போனது

இப்போது எதிர்த் திசையில் ஒரு கதை. இதில் விலங்கு எங்கும் போகவில்லை. பெயர் மட்டும் போனது.

பெருச்சாளியைத் தெலுங்கில் ‘பந்திகொக்கு’ என்பார்கள். ‘பந்தி’ நம்முடைய பன்றியேதான், கன்னடத்தில் ‘ஹந்தி’. ‘கொக்கு’ என்றதும் வயலில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையை நினைத்துவிடாதீர்கள். அங்கே அது எலி வகை. ஆக, பன்றியெலி. பெருச்சாளி மண்ணைக் கிளறுவதையும், கோபம் வந்தால் உறுமுவதையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். வீட்டுப் பின்கட்டில் ராத்திரி அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய பிராணி என்று விளக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

தென்னிந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் இந்தச் சொல்லை வாங்கிப் ‘பேண்டிகூட்’ ஆக்கினார்கள். 1886இல் யூல், பர்னெல் இருவரும் தொகுத்து வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, தெலுங்கு மூலத்தையும் பன்றியெலி என்ற பொருளையும் பதிவு செய்கிறது. இதுவரை சாதாரணக் கடன்சொல் கதை.

1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் கண்ட பிராணிகள் எதுவும் அதற்கு முன் பார்த்த மாதிரி இல்லை. நீண்ட மூக்கால் மண்ணைத் துழாவிப் புழு பூச்சி தேடும், எலியைப் போன்ற ஒரு சிறு பிராணி கண்ணில் பட்டது. இந்தியச் சொல் ஆங்கிலத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததே, அதையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்தப் பிராணியோ எலியே இல்லை. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் இனம். அதன் பை பின்பக்கமாகத் திறக்கும். மண்ணைத் தோண்டும்போது பைக்குள் மண் விழாது.

பிறகு பெயர் புது வீட்டில் நன்றாகவே வேர்விட்டுவிட்டது. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் ஆனது: மேலே செடி அசையாமல் அப்படியே நிற்க, அடியில் கையை விட்டு உருளைக்கிழங்கைத் திருடுவதற்குப் ‘பேண்டிகூட் செய்வது’ என்று பெயர். 1996இல் வெளிவந்த ‘க்ராஷ் பேண்டிகூட்’ வீடியோ கேமை விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல் ஆரஞ்சு நிறத்தில் குதித்தோடும் ஒரு கதாநாயகன். குண்டூர்ப் பக்கத்து நெல் வயல் வளைக்கும் அதற்கும் உள்ள உறவை எந்தப் பையன் நினைத்துப் பார்ப்பான்!

கோலாவைக் ‘கரடி’ என்றது, வரிகள் இருந்த ஒரு பைவிலங்கைத் ‘தாஸ்மேனியப் புலி’ என்றது எல்லாம் இதே வகை. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். புதுக் காட்டில் நிற்கிற மனிதனுக்கு வகைப்பாட்டியல் நூல் கையில் இல்லை. பக்கத்தில் இருப்பவனிடம் ‘அதோ பார்’ என்று சொல்ல ஒரு சொல் உடனே வேண்டும், அவ்வளவுதான்.

நம் மாநில விலங்கும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. வரை என்றால் மலை. வரையாடு என்றால் மலையாடு. தமிழ்ப் பெயர் மிகச் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘நீலகிரி தார்’ என்கிறார்கள். ‘தார்’ என்பது இமயமலைப் பகுதி மொழிகளில் அங்கே வாழும் ஒரு காட்டாட்டின் பெயர். அது போல இருக்கிறதே என்று நீலகிரிக்கு இறக்கிவிட்டார்கள். நெடுங்காலம் விலங்கியலும் இரண்டையும் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவினங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே தொகுதியில்தான் வைத்திருந்தது. 2005இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு, நம்முடையது செம்மறிகளுக்கு நெருக்கமானது என்று தெரிந்து தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பெயர் மட்டும் இன்னும் இமயமலையில் இருக்கிறது.

## சொல் சுருங்கும்போது

பெயர்கள் விரிவது போலச் சுருங்குவதும் உண்டு. ‘மிருகம்’ என்றால் நமக்கு ஏதாவது ஒரு காட்டு விலங்கு. கோபக்காரனைக்கூட மிருகம் என்று திட்டுவோம். அதே சொல்லை இந்தியில் ‘ம்ருக்’ என்றால் மான் மட்டும். சமஸ்கிருதத்தில் இரண்டு பொருளும் உண்டு. சிங்கத்தை மிருகேந்திரன் என்பதில் பொதுப்பொருள். மிருகசீரிஷ நட்சத்திரத்தில் மானின் தலை. ஒரே குளத்திலிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் வேறு வேறு குடத்தில் மொண்டுகொண்டார்கள்.

ஆங்கிலத்திலும் இதே நடந்தது. மானைக் குறிக்கும் ‘டியர்’ பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் பொதுப்பெயர். அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் ‘டீர்’ இன்றும் விலங்கு என்றே பொருள்படுகிறது. வேட்டையில் அதிகம் தேடப்பட்ட விலங்கே மொத்தப் பெயரையும் தனக்கு எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு பொதுப்பெயர் ஒன்றுக்கு மட்டும் உரியதாவதைப் பொருள் சுருக்கம் என்பார்கள்.

## விலங்கு இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால்

எதிரே விலங்கு நிற்கும்வரை பெயருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும். விலங்கைப் பார்த்தே இராதவர்கள் கையில் பெயர் சிக்கினால் கயிறு அறுந்த பட்டம்தான்.

4ஆம் நூற்றாண்டில் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது ஒட்டகத்துக்கு ‘உல்பந்துஸ்’ என்று எழுதினார்கள். அந்தச் சொல் யானையைக் குறிக்கும் ‘எலிஃபாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பழைய ஆங்கிலத்திலும் ‘ஓல்ஃபெண்ட்’ என்றால் ஒட்டகம்தான். வட ஐரோப்பாவில் யானையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. தெற்கே எங்கோ பெரிதாக ஒரு பிராணி உண்டு, மனிதனைச் சுமக்கும், அதற்கு இப்படி ஒரு பெயர் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டதோடு சரி. இரண்டில் எது என்று சரிபார்க்க வழியும் இல்லை, அவசியமும் இல்லை.

விலங்கு நம் கண்ணிலிருந்து மறைந்துபோனாலும் இதே கதிதான். சிவிங்கி என்று தமிழில் ஒரு விலங்கு இருந்தது. வேட்டைக்குப் பழக்கப்பட்ட, மெலிந்த உடம்பும் புள்ளிகளும் கொண்ட வேகமான பூனை இனம். இந்தியில் ‘சீத்தா’, புள்ளி உடையது என்ற பொருளில். 1952இல் அது இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்புறம் சிவிங்கி என்ற சொல் நம் பிள்ளைகள் வாயில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உயிரோடு இருந்தது: ஒட்டகச்சிவிங்கி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவற்றைச் சிறுத்தை என்றே பலரும் சொன்னார்கள். சிறுத்தை நம் மலைகளில் இன்றும் நடமாடும் வேறு விலங்கு. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. கழுத்து ஒட்டகம் மாதிரி, தோல் புள்ளி போட்டது. கிரேக்கர்களும் இதையே ‘கமேலோபார்தாலிஸ்’, ஒட்டகச் சிறுத்தை, என்றார்கள். பாரசீகர் ஒரு படி மேலே போய் ‘ஷொதொர்-காவ்-பலங்’, ஒட்டக-மாட்டு-சிறுத்தை என்றார்கள். இப்படி ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் துண்டு துண்டாகத் தன் மொழியில் மாற்றிக்கொண்டால் அது மொழிபெயர்ப்புக் கடன். கடன்சொல்லில் சட்டையையே வாங்குகிறோம். இதில் அளவை மட்டும் வாங்கி நம் துணியில் தைத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். விரிவு, சுருக்கம், பெயர்ச்சி மூன்றும் சொல்லின் பொருளுக்கு நடப்பவை. கடன்சொல், மொழிபெயர்ப்புக் கடன் இரண்டும் சொல் மொழி தாண்டும் வழிகள். ஒரே பெயரில் இரண்டு மூன்று சேர்ந்தே நடக்கலாம். பேண்டிகூட் முதலில் கடன், பிறகு பெயர்ச்சி.

## அனகோண்டா வழக்கு

சரி, வாட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். தென் அமெரிக்கப் பாம்புக்கு நம் பக்கத்துப் பெயர் வந்திருக்க முடியுமா? முடியும். அதில் சந்தேகமே இல்லை. 1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில் ‘அனகந்தையா’ என்ற பெயர் இருக்கிறது. அது சிலோன்காரர்கள் வழங்கும் பெயர் என்றும், எருமையை இறுக்கி நொறுக்கும் பாம்பு என்றும் குறிப்பு. 1768இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்று, இலங்கையில் அனகோண்டா ஒரு புலியை நொறுக்கித் தின்றதை நேரில் கண்டதாக ஒரு நீண்ட கதையைப் போட்டது. இலங்கையில் புலியே கிடையாது. கதையின் லட்சணம் தெரிந்துவிட்டது அல்லவா? ஆனால் பெயர் பிரபலமாகிவிட்டது. ‘அனகோண்டா என்றால் ராட்சதப் பாம்பு’ என்பது ஐரோப்பிய மனதில் பதிந்துபோய், பிறகு தென் அமெரிக்காவில் உண்மையிலேயே ராட்சதப் பாம்பைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை அதன் மேல் மாட்டினார்கள். ஆதித் தமிழன் பிரேசிலுக்குப் படகு விட வேண்டிய தேவையே இல்லை.

ஆக, பெயர் இலங்கையிலிருந்து போனது. தமிழிலிருந்தா என்பது தனிக் கேள்வி. ஆனைக்கொன்றான் என்ற விளக்கத்தை முன்வைத்தவர்களில் ஹாப்சன்-ஜாப்சன் யூலும் ஒருவர். எதிர்ப்பக்கத்தில் சிங்களத்தின் ‘ஹெனகந்தயா’ நிற்கிறது. மின்னல், செடியின் தண்டு இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர். அது மெல்லிய பச்சைப் பாம்பு. எருமையைக் கிட்டே போய்ப் பார்க்கவும் அதனால் ஆகாது. ‘அனகந்தையா’ என்ற பழைய எழுத்துவடிவம் சிங்களச் சொல்லின் ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. பாம்பின் பருமனுக்குத் தமிழ்ச் சொல் பொருந்துகிறது. அறிஞர்களிடையே வழக்கு முடியவில்லை. நான் நீதிபதியாக இருந்தால் ஒலியின் பக்கம், அதாவது சிங்களத்தின் பக்கம், கொஞ்சம் சாய்வேன். ஆனைக்கொன்றான் கேட்டவுடன் கதை சொல்கிறது. கதை சொல்லும் விளக்கத்தின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

காதுக்கு இனிமையாக இருப்பதாலேயே ஒரு சொல்லுக்குப் பொருத்தமான மூலத்தைக் கட்டிவிடுவதற்கு நாட்டார் சொல்விளக்கம் என்று பெயர். வாட்ஸ்அப்பில் வரும் பத்தில் எட்டு இந்த வகைதான். ஒலி ஒத்துப்போவது முதல் தகுதி மட்டுமே. எந்த வழியில் போனது, யார் கொண்டுபோனார்கள், எந்த ஆண்டு எந்த எழுத்தில் முதலில் காணப்படுகிறது, நடுவில் எந்த மொழியில் நின்று போனது என்பதற்கெல்லாம் சாட்சி வேண்டும். பேண்டிகூட்டுக்கு அந்தச் சாட்சிகள் வரிசையாக இருக்கின்றன. அதனால்தான் அதில் யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை இல்லாததால் அதை யாரும் பகிர்வதும் இல்லை.

‘தோகை’யும் அப்படி அடிக்கடி வரும் சொல். விவிலியத்தில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த சரக்குகளில் ‘துக்கீம்’ என்று ஒன்று இருக்கிறது. மயில்கள் என்று பொதுவாக மொழிபெயர்க்கிறார்கள். அது நம் தோகையிலிருந்து போனது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. கடல் வணிகப் பாதை என்ற சாட்சியும் அதற்கு உண்டு, ஆனாலும் அது இன்னும் கருத்துதான். பகிர்கிறவர்கள் சொல்லாமல் விடும் செய்தி என்னவென்றால், இன்றைய எபிரேயத்தில் ‘துக்கி’ என்றால் மயில் இல்லை. கிளி.

## மூதுரைப் பறவை

கடைசியாக நம் வீட்டுக் கேள்வி. 1612 வாக்கில் ஜஹாங்கீர் தன் அதிகாரி முகர்ரப் கானைக் கோவாவுக்கு அனுப்பி அபூர்வப் பொருள்கள் வாங்கிவரச் சொன்னார். வந்தவற்றில் ஒரு பறவை. மயிலைவிடச் சிறியது, பெண்மயிலைவிடப் பெரியது, தலையும் கழுத்தும் நிமிடத்துக்கு நிமிடம் பச்சோந்தி போல நிறம் மாறுகின்றன, மயிலைப் போலவே சிறகை விரித்து ஆடுகிறது, யாருக்கும் இதன் பெயர் தெரியவில்லை என்று பேரரசர் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்தப் படம் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தவுடன் தெரியும், வான்கோழி.

முகலாயப் பேரரசருக்கே பெயர் தெரியாத பறவை அது. ஆனால் ‘கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி’ என்று மூதுரை பாடுகிறதே? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் டர்க்கியின் படம்தான் போட்டிருக்கும். மூதுரையைப் பாடிய ஔவையை 12ஆம் நூற்றாண்டு வாக்கில் வைப்பது வழக்கம். அந்தக் கணக்கு சரியென்றால் ஔவை பார்த்த வான்கோழி மெக்சிகோ பறவையாக இருக்கவே முடியாது. கொலம்பஸின் பாட்டனாரே அப்போது பிறந்திருக்கவில்லை. மயிலைப் பார்த்துத் தன் பொல்லாத சிறகை விரித்த வேறு ஏதோ ஒரு நாட்டுப் பறவை அந்தப் பெயரில் இருந்திருக்க வேண்டும். பிறகு கப்பலில் வந்து இறங்கியது அதைவிடப் பெரிதாகச் சிறகை விரித்து ஆடியது. பெயர் அதற்குப் போய்விட்டது.

அதே வரியின் இன்னொரு பறவையும் நகர்ந்துவிட்டது. கான மயில் என்றால் காட்டு மயில். பாட்டில் அது மயிலேதான். இன்றைய பறவையியல் கட்டுரைகளில் ‘கானமயில்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அது மயிலும் இல்லை. ராஜஸ்தான் புல்வெளிகளில் கொஞ்சமே மிஞ்சியிருக்கிற, நெடிய கால்களும் வெள்ளைக் கழுத்தும் கொண்ட வேறொரு பெரிய பறவை அது.